தம்பி சேர்த்த இரும்புக் கால்களும் நான் மறைத்த உண்மையும்

தம்பியின் வலது கையில் மூன்று விரல்கள் போனதற்குக் காரணம் நான். இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்கள் நீங்கள் எல்லோரும் அதை அவருடைய கவனக்குறைவு என்றே இன்றுவரை நம்பியிருக்கிறீர்கள். அப்படி நம்பும்படி விட்டவனும் நான்தான். அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்காக எழுத உட்கார்ந்தால், இதைச் சொல்லாமல் வேறெதையும் எழுத முடியவில்லை.

கங்காதர நெல்லூரில் பிறந்தோம். தம்பி என்னைவிட நான்கு வயது இளையவர். அப்பா இறந்தபோது நான் திருப்பதியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு நிற்கக் கூடாது என்று தம்பி பத்தாம் வகுப்போடு நின்று, சித்தூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். நான் விரிவுரையாளர் ஆனேன். அவர் பிட்டராகவே ஓய்வு பெற்றார். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

சித்தூரில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு குடும்பமும் இருந்தோம். ஓய்வுக்குப் பிறகு தம்பி பழைய ஸ்டாண்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார். ட்ரில்லிங் மிஷின், சாணை மிஷின், ரம்ப மிஷின் இவையெல்லாம் நிற்பதற்கு அந்தக் காலத்தில் வார்த்த இரும்புக் கால்கள் அவை. மிஷின் பழுதானால் காலைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தேடி எடுத்துவருவார். மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்ப்பார். பெயிண்டைச் சுரண்டி, அடியில் முதலில் என்ன நிறம் இருந்ததோ அதையே திரும்ப அடிப்பார். "இப்ப வர்றதெல்லாம் தகரம்ணா. மிஷினு ஓடறப்ப ஸ்டாண்டும் கூடவே ஓடும்" என்பார். "எங்க வூட்டு கட்டிலு கால் ஆடிக்கினே கீது, அத பாக்கத்தான் ஆளில்ல" என்று அவர் மனைவி சொன்னால், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

என் மகளைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அந்த வாரம் தம்பி ஒரு காரியத்துக்காக வடமாலபேட்டை போயிருந்தார். வாசலில் பதினோரு ஸ்டாண்டுகள் துருவும் எண்ணெயுமாக நின்றன. வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். மரத்தூள் உள்ளே வரக் கூடாதென்று ரம்ப மிஷினையும் தம்பி வாசலில்தான் வைத்திருந்தார். மிஷினைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அது நின்ற ஸ்டாண்டையும் கொடுத்தேன். தம்பி திரும்பி வந்ததும் திருட்டுப் போய்விட்டது என்று சொன்னேன்.

சம்பந்தம் கூடி வந்தது. மணமக்கள் உட்காரும் மணைப்பலகையைத் தானே செய்வதாகச் சொல்லி, தம்பி பலாக்கட்டை வாங்கினார். ஸ்டாண்டு இல்லாத மிஷினை இரண்டு சிமெண்ட் கற்களின் மேல் பலகை போட்டு நிறுத்தினார். அறுக்கும்போது கல் நகர்ந்து மிஷின் சாய்ந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் போயின. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், தான்தான் பார்க்காமல் கையை வைத்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் மண்டபத்துப் பலகையில் நடந்தது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் அந்த ஸ்டாண்டைத் தேடி அலைந்தேன். பலமனேரில் பெங்களூரு சாலையோரம், ஒரு கரும்புச்சாறு கடையில், சாறு பிழியும் மிஷின் அதன்மேல் நின்றது. ஒரு காலில் இருந்த விரிசலுக்குத் தம்பி பித்தளைப் பட்டை வைத்து இறுக்கியிருந்தார். அதைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். கடைக்காரருக்குப் புது மேசை செய்து கொடுத்துவிட்டு, அதைக் கொண்டுவந்து தம்பி முன் இறக்கி, உண்மையைச் சொன்னேன்.

அவர் இடது கையால் அந்தப் பட்டையைத் தடவினார்.

"தெரியும்ணா. திருட வந்தவன் நட்டுங்கள கழட்டி, டப்பால போட்டு மூடி வெச்சிட்டா போவான்?"

ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா எம் பொண்டாட்டி உன் வாசல மிதிப்பாளா? பொண்ணு கல்யாணத்துல சண்டதான் நடந்திருக்கும்" என்றார். மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். அது எனக்கு வசதியாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். அந்த ஸ்டாண்டில் அவர் மிஷினைப் பூட்டவே இல்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தம்பி மனைவியிடம் சொன்னேன்.

"சோறு பெசஞ்சி குடுக்கறப்ப எல்லாம் திட்டுனேன் மாமா. கண்ண எங்க வெச்சிக்கினு அறுத்தன்னு கேப்பேன். ஒரு வார்த்த சொல்லாம துன்னுட்டு போனாரே" என்றாள். எனக்கு மட்டும் சொன்னால் போதாது, நினைவு நாளுக்குப் போடும் மலரிலும் எழுதுங்கள் என்றாள். அன்றிலிருந்து நான் போனால் அவள் வெளியே வருவதில்லை.

நோய்க்காலத்தில் தம்பியைத் திருப்பதிக்கும் சித்தூருக்குமாக அழைத்துப்போன ஆட்டோக்கார நண்பருக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசி நாளில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையைத் தம்பி மனைவிக்கு அனுப்பினேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, ஒரே ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். தம்பி என்னை மன்னித்துவிட்டார் என்று எழுதியிருந்த வரி அது. ஓரத்தில், "அவரு சொன்னாரா?" என்று கேட்டிருந்தாள்.

சொல்லவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.