அக்கா தேடிய லாரி ஸ்கூல்

போன வாரம் எங்கள் தெரு இஸ்திரிக் கடை முருகேசன் இரண்டு நோட்டீஸ்களோடு வீட்டுக்கு வந்தார். இரண்டுமே டிரைவிங் ஸ்கூல் நோட்டீஸ்.

"சார், தம்பிய லாரி ஓட்டப் பழக விடலாம்னு இருக்கேன். இதுல எது நல்ல ஸ்கூலு? பத்திரிகையில எழுதுறவரு... உங்களுக்குத் தெரியாததா?"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாழ்க! எனக்கு சைக்கிளிலேயே வலது பக்கம் திரும்ப வராது. ஆனால் லாரி ஸ்கூல் பற்றி ஒரு கதை தெரியும். முருகேசனை உட்கார வைத்துச் சொன்னேன். உங்களுக்கு மட்டும் சொல்லாமல் விடுவேனா?

என் அக்கா பேச்சியம்மாள் போடிநாயக்கனூரில் இருக்கிறாள். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. மச்சானுக்குப் பக்கத்து ஊர் சிலமலையில் கொஞ்சம் நிலம். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் கிணறு வற்றிப் போய், நிலக்கடலையும் பொய்த்து, மனுஷன் சோலியில்லாமல் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் கடை முதலாளிதான் வழி சொன்னார். "உங்க வீட்டுக்காரர ஹெவி லைசென்ஸ் எடுக்கச் சொல்லும்மா. மலையிலருந்து காய் இறக்குற லாரிய அவருக்கே தர்றேன்."

மச்சானுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எப்போதோ எடுத்த கார் லைசென்ஸ் பெட்டியில் தூங்கியது; அதுவரை அவர் நிஜமாக ஓட்டிய பெரிய வண்டி, மாட்டு வண்டி. அதனாலென்ன? அன்றைக்கே மீசையை முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்காதான் பயந்தாள். போடிமெட்டு ரோட்டைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதலபாதாளம். நான் மதுரையிலிருந்து போய் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிப் போறது பெரிசில்லடா தம்பி. சாயங்காலம் இவரு முழுசா இறங்கி வரணும். அதை எவன் ஒழுங்காச் சொல்லித் தருவானோ அவன்கிட்டதான் விடுவேன். நீ கூட வா."

மச்சான் ஏற்கெனவே ஒரு ஸ்கூலைப் பார்த்து மயங்கியிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய போர்டு. புதுசாகப் பெயின்ட் அடித்த லாரி. ஓனர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஃபேன் காற்றில் எங்களை உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். "முப்பதே நாள்... லைசென்ஸ் உங்க கையில!" மச்சானுக்கு முகமெல்லாம் பல்.

"உங்ககிட்ட படிச்ச யாரையாவது ஓட்டச் சொல்லுங்க, பாப்போம்" என்றாள் அக்கா.

ஓனர் விரலைச் சொடுக்கினார். ஜம்மென்று ஒருவன் வந்தான். லாரியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி, எங்கள் கால் பக்கத்தில் பூப்போல நிறுத்தினான். மச்சான் கைதட்டியே விட்டார்.

அக்கா தட்டவில்லை. என் காதோரம் குனிந்தாள். "இது மூட்டை வாயில வச்ச காய்டா."

விஷயம் இதுதான். சில பேர் மூட்டையின் மேலே மட்டும் பச்சைப் பசேல் என்று பெருங்காயாகப் பரப்பி விற்க வருவார்கள். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, நடு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். அதுதான் அவளுக்கு சாம்பிள்.

எழுந்து நேராக லாரிக்குப் பின்னால் போனாள். அங்கே பனியனோடு ஒருத்தர் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களும் இங்க படிக்கிறவரா?"

"ஆமாத்தா. ரெண்டு மாசமாச்சு."

"ஏறி ஓட்டுங்க."

அவர் ஓனரைப் பார்த்தார். ஓனர் வானத்தைப் பார்த்தார். தயங்கித் தயங்கி ஏறினவர், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குழந்தை மாதிரி கேட்டார். "சார்... சாவி எங்கிட்டு போடணும்?"

இரண்டு மாதமாக அந்த மனுஷனுக்கு லாரி கழுவ மட்டும்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள்! "ஓட்டாட்டியும் லைசென்ஸ் வந்துரும்னு சொன்னாக" என்று வேறு அப்பாவியாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கலர் மூக்கில் ஏறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள்... கத்தரிக்காய் வாங்கினால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். பெண் கொடுப்பதென்றால் நாலு தெருவில் விசாரிக்கிறோம். படிக்கப் போகிற இடத்துக்கு மட்டும் போர்டைப் பார்த்தால் போதுமா? நாம் பெரும்பாலும் அப்படித்தானே செய்கிறோம்!

அடுத்து, மலையடிவாரத்து முந்தலுக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு துருப்பிடித்திருந்தது. ஒரே ஒரு கிழட்டு லாரி. நடத்துகிறவர் மலையாளி, வர்கீஸ் சேட்டன்; பல வருஷம் மலை ரோட்டில் லாரி ஓட்டியவர். கலரும் இல்லை, ஃபேனும் இல்லை. "ஆறு மாசம் ஆகும் கேட்டோ. அதுக்கு முன்னே லைசென்ஸ் வேணும்னா வேற இடம் நோக்கிக்கோ" என்றார். மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

அக்கா இங்கேயும் விடவில்லை. ஐந்தாறு பேர் நின்ற கூட்டத்தில், பாதித் தூக்கத்தில் இருந்த ஆள் ஒருவரைக் காட்டினாள். தேவாரம் ஊர்க்காரர், பெயர் கருப்பையா. படிக்க வந்து மூன்று மாதம்தான்.

"இவரு மலையில ஏறி இறங்கணும். நாங்களும் கூட வர்றோம்."

"சேச்சிக்கு தைரியம் உண்டெங்கில் எனக்கு எந்தா?" என்று சேட்டன் சிரித்தார்.

கேபினில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கருப்பையா பக்கத்தில் சேட்டன், அப்புறம் மச்சான், அக்கா, கதவோடு கதவாக நான். நாலு வளைவு ஏறினார் கருப்பையா. மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, பத்திரமாக. அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பினார். இனி இறக்கம். அக்கா என் முழங்கையை இறுக்கினாள்.

கருப்பையா பிரேக்கை ஒரு முறை மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார். இன்ஜினை அணைத்துவிட்டார்.

"மாஸ்டர், பிரேக்கு கொஞ்சம் இறங்கிப் போற மாதிரி இருக்கு. நான் இறக்க மாட்டேன்."

"எடுடா! ஆளுக காத்திருக்காங்க" என்றார் சேட்டன், எங்களைப் பார்த்துச் சங்கடமாக.

"நீங்கதான மாஸ்டர் சொன்னீக... சந்தேகம் வந்தா சக்கரம் நகரக் கூடாதுன்னு?"

நாங்கள் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். சேட்டன் சட்டையைக் கழற்றிவிட்டு லாரிக்கு அடியில் போனார். நாங்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, அக்கா கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். சில்லென்று காற்று. கீழே போடி ஊரே ஒரு கை அளவுக்குத் தெரிந்தது. அப்படி ஒரு புளிச்சோற்றை நான் அதற்கப்புறம் சாப்பிட்டதில்லை.

கால் மணி நேரம் கழித்து, முகமெல்லாம் கிரீஸோடு சேட்டன் வெளியே வந்தார். "பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல!"

மச்சான் பொங்கிவிட்டார். "பாத்தியா? ஒண்ணும் இல்லாததுக்கு வண்டிய நிறுத்துறான்! மூணு மாசம் படிச்சு இம்புட்டுதான் தைரியம். இங்க சேந்தா நானும் இப்படித்தான் ஆவேன்."

அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். இத்தனை பேர் முன்னால் மச்சானிடம் அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆகுங்க! அப்படி ஆகத்தாங்க உங்கள இங்க சேக்குறேன்!"

ஆறு மாதமல்ல, எட்டு மாதம் ஆனது. மச்சான் முதல் லோடு இறக்கிய அன்றைக்கு நானும் போடியில் இருந்தேன். மலை மேல் பூப்பாறையிலிருந்து மூன்று மணிக்கு வந்து சேர வேண்டிய லாரி. மூன்றும் ஆனது, நாலும் ஆனது, லாரியைக் காணோம். அக்காவுக்கு வேலை ஓடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து முந்தலுக்குப் போய் ரோட்டோரம் நின்றாள். "நான்தான்டா தம்பி அனுப்பி வச்சேன்... நானே அனுப்பி வச்சேன்..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தரைக்கு, திருவிழாத் தேர் மாதிரி அசைந்து அசைந்து, லாரி கடைசி வளைவில் திரும்பியது. மச்சான் குதித்து இறங்கினார்.

"ஏங்க... ஏங்க இம்புட்டு நேரம்?"

"ஆறு தடவை சந்தேகம் வந்துச்சு பேச்சி! ஆறு தடவையும் கல்லு வச்சு இறங்கிப் பாத்தேன்."

"என்னங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்ல!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார்.

நடு ரோடு என்றும் பார்க்காமல் அக்கா அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மச்சான் இன்றும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறார். ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை... ஒரு நாள்கூட வந்து சேராமல் இருந்ததுமில்லை!