பால் காய்ச்ச மாட்டேன் என்றேன்

ஐம்பதுகளின் கடைசியில், நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது ஐந்தாவது மாதம், தலைப்பிள்ளை. மற்றவர்களுக்கெல்லாம் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிற மசக்கை எனக்கு மட்டும் தீரவே இல்லை. கண் விழித்தால் வாந்தி, பல் விளக்கினால் வாந்தி, பக்கத்து வீட்டில் தாளித்தால் வாந்தி. மீன் ஆகாது, காபி ஆகாது, என் வீட்டுக்காரர் தலைக்குத் தடவும் எண்ணெய்கூட ஆகாது. பானைத் தண்ணீரில் எலி செத்துக் கிடக்கிறது என்று ஒருநாள் நான் ஊரைக் கூட்ட, அவர் பானையைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அன்று முதல், "எங்க வூட்ல போலீஸ் நாய் கீது" என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பட்டறை என்றால் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை. என் வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதர் ஒரு வெல்டரும் சேர்ந்து நடத்தினார்கள். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் பட்டறைதான். அதற்கு ஒரு பக்கம் கருவாட்டுக் கிடங்கு, மறு பக்கம் சாக்கடை. வெல்டிங் வைக்கக் கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டு காஸ் எடுப்பார்கள். அது பூண்டு அழுகின மாதிரி நாறும். அங்கேயே கிடந்து வேலை செய்கிற ஆண்களுக்கு அது நாற்றம் என்பதே மறந்து போயிருந்தது.

அந்தப் பட்டறைக்கு ஒரு சர்க்கஸ் முதலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். மலையாளக் கரைப் பக்கத்து ஜனங்கள், தமிழ் நன்றாகவே பேசுவார்கள். அந்தச் சமயம் திருவொற்றியூர்ப் பக்கம் கூடாரம் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் மிலிட்டரியில் ஏலம் விட்ட பழைய லாரி ஒன்று அவர்களிடம் இருந்தது. அதை வீடாக மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார்கள். படுக்கை, அலமாரி எல்லாம் சரி, அதெல்லாம் என் வீட்டுக்காரருக்குக் கைவந்த வேலை. ஆனால் அந்த அம்மாவுக்கு இரண்டு ஆசை இருந்தது. ஒன்று, காஸ் அடுப்பு. பம்பாயில் முகாம் போட்டிருந்தபோது சிலிண்டரில் அடைத்த காஸை யார் வீட்டிலோ பார்த்து மயங்கி, அடுப்பும் சிலிண்டருமாக வாங்கி வந்திருந்தார். இன்னொன்று, துணி துவைக்கிற மிஷின். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்றது. கையால் சுற்றுகிற மிஷின்தான், மேலே துணியைப் பிழிய இரண்டு உருளை.

"மோளே, அந்தரத்துல பார் ஆடுற பெண்களோட உடுப்பு ஒரு நாள் வேர்வைக்கே விறைச்சுப் போகும். சலவைக்குப் போட்டா, துணி வர்றதுக்குள்ள கூடாரம் அடுத்த ஊருக்குக் கெளம்பிடும்" என்றார் என்னிடம். பாவமாக இருந்தது. எத்தனை ஊரில் எத்தனை துணியை விட்டுவிட்டு வந்தாரோ.

என் வீட்டுக்காரர் காஸ் அடுப்பைக் கண்ணால் பார்த்ததே அப்போதுதான். அதற்காக முடியாது என்று சொல்லிவிடுவாரா? கார்பைட் காஸில் பத்து வருஷமாகப் புழங்குகிற ஆள். சிலிண்டரைக் கூண்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில் நிறுத்தினார். அங்கிருந்து தரையோரமாகச் செப்புக் குழாய் போட்டு அடுப்புக்கு ஒரு கிளை, துவைக்கிற தொட்டிக்கு அடியில் வெந்நீர் போட ஒரு கிளை. தப்பித்தவறிக் கசிந்தால் காஸ் வெளியே போக வேண்டும் அல்லவா, அதற்குக் கூரையில் ஒரு வட்ட ஓட்டை, மழை விழாமல் அதற்கு ஒரு தொப்பி. வேலையை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஓடுற வூடுமே இது. எந்த ஊருக்குப் போனாலும் அடுப்பும் பின்னாலயே வரும்." முகமெல்லாம் பூரிப்பு. எனக்கும் பெருமைதான், வாயைத் திறந்து சொல்லவில்லை.

வண்டியை எடுத்துப் போகிற நாளில் அந்த அம்மா, வீடு என்று ஆகிவிட்டால் பால் காய்ச்சாமல் குடி போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், எங்களுக்கு ராகுகாலம் எமகண்டம் எதுவும் கிடையாது. ஆனால் வாடிக்கைக்காரர் ஆசைப்பட்டால் செய்ய வேண்டியதுதானே. காலையிலேயே என் வீட்டுக்காரர் அடுப்பை ஒருமுறை பற்றவைத்துப் பார்த்தார், நீலமாக, அழகாக எரிந்தது. திரும்பவும் பால் காய்ச்சத்தானே போகிறோம் என்று அடுப்பின் திருகை மட்டும் மூடிவிட்டுச் சிலிண்டரின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார்.

முதலாளியும் அம்மாவும் வந்ததும் முதலில் துவைக்கிற மிஷினைத்தான் காட்டினார். கோமாளியின் உடுப்பு ஒன்றைச் சவுக்காரத் தண்ணீரில் போட்டு அந்த அம்மா கைப்பிடியைச் சுற்றினார் பாருங்கள், மிஷின் குலுங்குகிற குலுங்கலில் கூண்டே ஆடியது. நுரை தரையெல்லாம் வழிந்தது. சின்னப் பிள்ளை போலச் சிரித்துக்கொண்டே சுற்றினார். அதன்பிறகு ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டுப் பாலுக்காகக் காத்திருந்தோம். கருவாட்டு ஈ உள்ளே போகிறதென்று கூண்டின் ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள்.

பால் வந்தது. அந்த அம்மா செம்பைக் கொண்டுபோய் அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் பின்வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "வயித்துப் பிள்ளைக்காரி பத்த வெச்சா வீடு நிறைஞ்சிருக்கும். நீ வா மோளே."

எனக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். லாரியின் பின்னால் இரும்பு ஏணிப்படி. அதன் முதல் படியில் கால் வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் முகம் சரியாகக் கூண்டின் தரை மட்டத்துக்கு வந்தது. அவ்வளவுதான், குப்பென்று ஒரு நாற்றம். அழுகின முட்டையும் பூண்டும் சேர்ந்த மாதிரி. மூக்கைப் பொத்திக்கொண்டேன். இறங்கிவிட்டேன்.

"நான் ஏற மாட்டேன்" என்றேன்.

"இன்னாமே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உள்ள நாத்தம் வருது."

"பெயிண்டு நாத்தம்மே. நேத்து தான அட்ச்சது."

"பெயிண்டு இல்ல. இன்னாவோ அழுகுன நாத்தம்."

"கருவாட்டுக் கெடங்கு பக்கத்துல நின்னுகினு கீறே, ரோஜாப்பூ வாசனையா வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சற்றுத் தள்ளி பீடியோடு நின்றிருந்த வெல்டர், "போலீஸ் நாய் புட்ச்சிருச்சு" என்றார். அந்த அம்மா உள்ளேயே இரண்டடி நடந்து பார்த்துவிட்டு, "நான் நின்னு பாத்துட்டேனே, ஒண்ணும் இல்லியே" என்றார். முகம் லேசாக வாடியிருந்தது. நல்ல காரியத்தில் இப்படி ஒருத்தி மாட்டேன் என்றால் யாருக்குத்தான் மனசு சுருங்காது? முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் வந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "மானத்த வாங்காதமே. ஒரு குச்சியக் கிழிச்சிட்டு எறங்கிடு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. பானைத் தண்ணீர் கதைதான் இதுவும் என்று தோன்றியது. இந்த ஒரு வேலை நன்றாக முடிந்தால் இன்னும் எத்தனையோ பேர் தேடி வருவார்கள் என்று அவர் கனவு கண்டுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். சரி, ஒரு குச்சிதானே என்று மறுபடியும் படியில் கால் வைத்தேன். மறுபடியும் அதே நாற்றம், முன்னைவிட அதிகமாக. ஓங்கரித்துக்கொண்டே இறங்கினேன். என்னவோ தெரியவில்லை, வயிற்றின் மேல் கை தானாகப் போய்விட்டது.

"வேண்டாம், வேண்டாம், அதுக்கு உடம்புக்கு முடியல. நானே பத்த வெக்கறேன்" என்று அந்த அம்மா குனிந்து என் கையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து ஒரு குச்சியையும் எடுத்துவிட்டார். நான் எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்து, பெட்டியும் குச்சியுமாகப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டேன்.

அடேயப்பா! என் வீட்டுக்காரர் கையை ஓங்கிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓங்கியதில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"யோவ்! அடிக்கிறதுன்னா அப்பாலிக்கா அடி! மொதல்ல உள்ள ஏறி, தரையில மூக்க வெச்சு மோந்து பாருய்யா!"

நாலு பேர் முன்னால் அவரை 'யோவ்' என்று நான் கூப்பிட்டதும் அன்றுதான். ஓங்கின கை அப்படியே நின்றது. "இரு, உன் ஆசைய ஏன் கெடுப்பானேன்" என்று ஏறினார். கேலியாகவே மண்டி போட்டார், கேலியாகவே நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு துவைக்கிற மிஷின் பக்கம் போனார். வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார். திடீரென்று என் வீட்டுக்காரரின் முதுகு அசையாமல் நின்றுவிட்டது.

மிஷினுக்கு அடியில், குழாய் இணைப்பின் மேல் வழிந்து கிடந்த சவுக்கார நுரை புஸ் புஸ்ஸென்று கொப்பளித்துக்கொண்டிருந்ததாம். பிற்பாடு சொன்னார். ஒரே தாவில் சிலிண்டரின் வாயைத் திருகி மூடினார். அந்த அம்மாவைக் குழந்தை மாதிரி இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கினார். பிறகுதான் குரல் வந்தது.

"டேய் மச்சான்! பீடிய அணை! அணைடா! எல்லாம் ரோட்டுக்கு ஓடுங்க!"

ஓடினோம். ஐந்து மாத வயிற்றோடு நான் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவர் மட்டும் வெளியிலிருந்தே ஜன்னல்களைத் தட்டித் திறந்துவிட்டு வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், ஓங்கின கையைப் பார்த்தார், சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்து மாதமாக நான் எடுத்ததையெல்லாம் அவர் ஒரே மூச்சில் எடுத்தார்.

வெல்டர் பக்கத்தில் போய் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னா நைனா, உனக்கு எத்தினியாவது மாசம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், எல்லாருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நடுரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். குச்சி அவர் கையில் அல்லவா இருந்தது! ராகுகாலம் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

காரணம் மெதுவாகத்தான் பிடிபட்டது. மிஷின் குலுங்கின குலுங்கலில் இணைப்பு நெகிழ்ந்திருக்கிறது. கார்பைட் காஸ் மேலே ஏறிப் போய்விடும். இந்த காஸோ கனமானது, தண்ணீர் போலத் தரையில்தான் தேங்குமாம். கூரை ஓட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நின்றுகொண்டிருந்தவர்களின் மூக்குக்கு எட்டாதது, படியில் நின்ற என் மூக்குக்கு நேராக வழிந்திருக்கிறது. துறைமுகத்தில் இந்த காஸைக் கையாண்ட ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரித்துவிட்டு வந்து, சிலிண்டரைக் கூண்டுக்கு வெளியே ஒரு கூட்டில் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். தரையில் ஓட்டைகள் போட்டார். மிஷினைத் தனிக் கட்டையில் இறுக்கினார். சர்க்கஸ்காரர்கள் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்தோம். அவர்களோ பொறுமையாகக் காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா என்னையே கூப்பிட்டுப் பற்றவைக்கச் சொன்னார். முதலில் தரையை நன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். பால் பொங்கி வழிந்தது. அவர்கள் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் அதற்குப்பின் என்னைக் கேலி செய்வதை விடவில்லை, அந்த மனிதருக்கு அது முடியாத காரியம். ஆனால் நான் 'வேண்டாம்' என்று எதையாவது சொன்னால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கேட்பார்.

உன் மூக்குதான் எல்லாரையும் காப்பாற்றியது என்று இப்போதும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். ஆனால் எனக்குத்தான் தெரியும், மூக்கு சொன்னதை நானே முழுசாக நம்பவில்லை. நம்பாமலேயே, நாலு பேர் சிரித்தாலும் பரவாயில்லை என்று அந்தத் தீப்பெட்டியைப் பிடுங்கினேன் பாருங்கள், அந்த அரைகுறைச் சந்தேகத்தால்தான் என் மகள் பிறந்தாள்.