பச்சைத் துண்டு வேட்பாளர்

மதுரை விளக்குத்தூண் பக்கம் கட்சிக்கரை வேட்டி வேண்டுமென்றால் துளசிராம் கடைக்குத்தான் போக வேண்டும். கறுப்பு சிவப்பு, நடுவில் வெள்ளை விட்டது, தனிச் சிவப்பு, நீலம், காவி என்று எல்லாம் ஒரே அலமாரியில் சண்டை சச்சரவில்லாமல் அடுக்கியிருக்கும். தன் கட்சி நிறத்துக்கு என்ன பொருள் என்று தொண்டனுக்குத் தெரியாவிட்டால் துளசிராமே சொல்லிக்கொடுத்து அனுப்புவார். சிவப்பு உழைப்பு, கறுப்பு எதிர்ப்பு, நீலம் சமத்துவம், காவி துறவு. துறவுதான் அதிகமாகப் பேரம் பேசும் என்பார்.

பக்கத்துக் குடைக்கடை என்னுடையது. அந்த அலமாரியில் இருக்கிற கரை ஒவ்வொன்றையும் அவர் ஒரு தடவையாவது இடுப்பில் கட்டிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு கட்சியும் அவருக்கு ஒரு வட்டப் பிரதிநிதி பதவிகூடக் கொடுக்கவில்லை. மாநாடு என்றால் துண்டுகளை இனாமாக வாங்கிக்கொள்வார்கள், மேடையில் மட்டும் ஏற்ற மாட்டார்கள். "ஏ துண்டுக்கடை!" என்றுதான் கூப்பிடுவார்கள். அது மனிதருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கவுன்சிலர் துளசிராம் என்று ஊர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எங்கள் வார்டுக்கு வாய்த்த கவுன்சிலர்களைப் பார்த்தால் துளசிராம் சொக்கத்தங்கம்.

வார்டில் இடைத்தேர்தல் வந்தபோதுதான் வைகைப் பசுமைக் கழகம் வந்து சேர்ந்தது. தலைவர் தமிழ்மாறன், பேரையூர்ப் பக்கத்து வக்கீல். கட்சியில் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை, வேட்பாளர்தான் இல்லை. ஆகவே துளசிராமுக்கு உடனே சீட்டுக் கிடைத்தது.

"நம்ம நெறம் பச்சைண்ணே. பச்சைன்னா இயற்கை" என்றார் தமிழ்மாறன்.

துளசிராம் வியாபாரியாகக் கவலைப்பட்டார். "பச்சைத் துண்டு போட்டா விவசாய சங்கம்பாங்க. பச்சைக் கொடி கட்டுனா தர்கா சந்தனக்கூடாம்பாங்க. நமக்குன்னு ஒரு பச்சை எங்க தம்பி இருக்கு?"

தலைவர் அவரை வைகைப் பாலத்துக்குக் கூட்டிப்போய் ஆற்றைக் காட்டினார். தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. கரை நெடுக சீமைக்கருவேலம். கழகம் பிறப்பதற்கு முன்பே அங்கே பச்சைதான் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது, ஊர்ச் சாக்கடையைக் குடித்துக் கொழுத்த பச்சை. அதை அகற்றுவதே பச்சைக் கட்சியின் முதல் வாக்குறுதி. கேட்ட ஜனங்களுக்குக் குழப்பம், எனக்குச் சிரிப்பு.

தேர்தலுக்கு முன்னால் சித்திரைத் திருவிழா குறுக்கிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறாரோ அதுதான் மதுரைக்கு அந்த வருஷத்து ஜாதகம். பச்சை என்றால் விளைச்சல், சிவப்பு என்றால் சச்சரவு. பெட்டிக்குள் பார்க்காமல் கைவிட்டுப் பட்டு எடுக்கிற பட்டர் கைக்கு என்ன அகப்படும் என்று அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும். துளசிராம் பச்சைதான் என்று முடிவே கட்டிவிட்டார். கடை கொள்ளாத அளவுக்குப் பச்சைத் துண்டுகளைத் தைத்து அடுக்கினார்.

"கட்சிப் பேரை அச்சடிக்கலாமே?" என்று கேட்டேன்.

"அச்சடிச்சா மிச்சம் விக்காதுண்ணே" என்றார்.

அழகர் பச்சைப்பட்டிலேயே வந்தார். "கோவிந்தா" என்று கூட்டம் அதிர்ந்தது. துளசிராம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். கிண்டல் செய்யப் போன எனக்கே உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அந்த நிமிஷத்தில் அவர் ஜெயித்துவிடுவார் என்று நானும் நம்பினேன்.

மறுநாள் கடை வாசலில் அழகுபாண்டி வந்து நின்றார். பெரிய கட்சியின் பகுதிச் செயலாளர், துளசிராமை எதிர்த்து நிற்கிற வேட்பாளரும் அவர்தான்.

"அண்ணே, பச்சைத் துண்டு இருக்கா? ஊரே பச்சையப் பத்தித்தான் பேசுது."

"எம்புட்டு வேணும்?"

"இருக்கிறது அம்புட்டும் குடுங்க."

நான் என் கடையிலிருந்து கண்ணைக் காட்டினேன், கையை ஆட்டினேன், தொண்டை கிழிய இருமினேன். துளசிராம் அதற்குள் கட்டுகளை இறக்கி, சாயம் போகாது என்று உத்தரவாதமும் கொடுத்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அப்புறம் வார்டு முழுக்கப் பச்சைதான். தமிழ்மாறன் மைக்கைப் பிடித்து "உண்மையான பச்சை நாங்களே" என்று கத்தினார். அவர் தோளில்தான் துண்டு இல்லை, கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது.

வாக்குப்பதிவன்று பூக்கார ரெங்கம்மாள் ஓட்டுப் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். "தம்பி, ஒங்களுக்கே போட்டுட்டேன். பச்சைத் துண்டு போட்ட பயலுகதான் ஆட்டோல கூட்டிட்டுப் போனாக. அவுக சொன்ன சின்னத்துலயே அமுக்கிட்டேன்."

பச்சைக் கட்சிக்கு ஆட்டோ கிடையாது. புகை வரும் என்று தலைவர் வேண்டாமென்றிருந்தார். துளசிராம் அவளிடம் "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார்.

டெபாசிட் போயிற்று. ஜெயித்த சாயங்காலமே அழகுபாண்டி பச்சையை உதறிவிட்டுத் தன் பழைய கரையோடு ஊர்வலம் போனார்.

துளசிராம் மனைவி ராதாமணி வீட்டில் அவரைச் சௌராஷ்டிர மொழியில் திட்டுவார். நானும் கேட்க வேண்டுமென்றால் கடைக்கு வந்து தமிழில் திட்டுவார். அன்று தமிழில்தான் கேட்டார், ஆனால் திட்டவில்லை.

"ஏங்க, நெசமாவே ஜெயிக்கணும்னு இருந்துச்சா ஒங்களுக்கு?"

"இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெறகு எதுக்கு அவனுக்கு வித்தீங்க?"

"கடை ஏறி வந்து கேட்டான். இல்லேன்னு சொல்ல வாய் வரல." அப்புறம் மெல்லக் கேட்டார். "நீயாச்சும் எனக்கு ஓட்டுப் போட்டியா?"

ராதாமணி அலமாரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நம்ம கடைக்கு எல்லாக் கட்சிக்காரனும் வரணும்ல. யாருக்கும் ஓட்டுப் போடலைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அந்த வியாபாரத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே துளசிராம்தான்.