நோகாத பின்னல்

சிட்னியில், செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சலூனில் இரண்டு கதிரைகள். ஒன்றில் நான் புருவம் எடுக்கிறேன், வாயும் அடிக்கிறேன். மற்றதில் மிருணாளினி தலை பின்னுகிறாள், வாய் திறக்கமாட்டாள். அவள் பேசாததையும் சேர்த்து நான்தான் பேசுகிறேன் என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆனால் அவள் ஒருமுறை "ஏலாது" என்று சொல்லிவிட்டால், என் வாயாலும் அதை மாற்ற முடியாது.

அவள் செய்வது தையல் வேலை. துணியில் அல்ல, தலையில். சொந்த முடியைத் தலையோடு ஒட்ட வரிவரியாகப் பின்னி, அதற்குமேல் மெல்லிய வலை ஒன்றைப் போர்த்தி, கடையில் வாங்கிய முடியை வளைந்த ஊசியால் அதில் தைத்துவிடுவாள். பக்கத்து ஊரான பிளக்டவுனில் கானா நாட்டுப் பெண்ணொருத்தி நடத்திய கடையில் வேலை செய்தபோது பழகியது. மேலே தொங்குகிற முடிக்குத்தான் எல்லாரும் ஆசைப்பட்டு வருகிறார்கள். மிருணாளினிக்கோ அடியில் மறைந்து கிடக்கிற முடியில்தான் கண். வலை எதற்கென்றால், நூல் பிடிப்பதும் பாரம் தாங்குவதும் வலையாக இருக்கவேண்டும், பாவப்பட்ட மயிர்க்காலாக இருக்கக்கூடாது.

சயந்தினி அக்கா தன் மகள் ஹம்சாவைக் கூட்டிவந்தது அரங்கேற்றத்துக்காக. பெண்ணுக்குப் பதினேழு வயது. பால்பல் விழுமுன்பே பரதநாட்டியம் தொடங்கியவள். ஒவ்வொரு மேடைக்கும் ஜெல் பூசி, தலையைப் பின்னுக்கு வழித்து இழுத்து, சவுரி வைத்து, அதன்மேல் தலைச்சாமானெல்லாம் கட்டி வளர்த்த தலை அது. பலன், இரண்டு நெற்றியோரமும் முடி கொட்டி வெளித்துப்போயிருந்தன. தோல் டொக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வேர் இன்னும் சாகவில்லை, இனியும் இழுத்தால் செத்துவிடும், பிறகு என்ன பூசினாலும் முளைக்காது என்று சொல்லியிருந்தார். அதை எங்களுக்குச் சொன்னதும் ஹம்சாதான். தாய் அந்த நேரம் போனில் மண்டபக்காரருடன் கதைத்துக்கொண்டிருந்தார்.

தாயின் கவலை வேறு. போன வருடம் கோயில் விழாவில் ஆடும்போது ஹம்சாவின் சவுரி கழன்று விழுந்துவிட்டது. விழுந்தது போதாதென்று மேடையில் உருண்டு மிருதங்கக்காரரின் மடிவரை போயிருக்கிறது. அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சிட்னி, மெல்பேர்ன், கனடா எல்லாம் சுற்றி, கடைசியில் சயந்தினி அக்காவின் போனுக்கே சிரிப்புப் படங்களோடு திரும்பி வந்தது. கொஞ்ச நாள் அவர் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை.

"இந்த முறை தைச்சே விடுங்கோ தங்கச்சி. நல்லா இறுக்கிப் பின்னுங்கோ. தலை போனாலும் சடை போகக்கூடாது."

"தைக்கிறன் அக்கா. இறுக்கமாட்டன். நெத்தியோரத்து முடியிலை கையும் வைக்கமாட்டன்."

"இறுக்காமல் எப்பிடி நிக்கும்?"

"நிக்கும்," என்றாள் மிருணாளினி. அவ்வளவுதான் பேச்சு.

அரங்கேற்றம் சனி மாலை. பின்னுவதற்கு வெள்ளி காலை வரச் சொல்லியிருந்தோம். வந்தார்கள். தலையில் சுற்றியிருந்த துவாயை அவிழ்த்தால் நல்லெண்ணெய் வாசம் என் கதிரைவரை அடிக்கிறது! வெள்ளிக்கிழமையில், அதுவும் நல்ல காரியத்துக்கு முதல்நாள், பெண்பிள்ளையை எண்ணெய் வைத்து முழுக வார்க்காமல் அனுப்புவதா என்று தாய் காலையிலேயே எழுப்பி ஊற்றித் தேய்த்திருக்கிறார். எண்ணெயும் போகவில்லை, ஈரமும் காயவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மிருணாளினிக்கு வரவில்லை.

"பின்னேரம் ஒத்திகை இருக்கு, பின்னத் தொடங்குங்கோ," என்று சயந்தினி அக்கா அவசரப்படுத்தினார்.

"ஏலாது அக்கா. எண்ணெயிலை பின்னல் வழுக்கும். ஈரத்திலை பின்னினால் இழுபட்டு அறுந்துபோம், உள்ளுக்கை இருந்து மணக்கவும் தொடங்கும்."

திரும்பவும் தலையைக் கழுவினாள். திருப்திப்படாமல் இன்னொருமுறை கழுவினாள். காற்று மெஷினுக்குக் கீழே இருத்தி, வேருக்குள் விரல் விட்டுவிட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் சீப்பை எடுத்தாள். நெற்றியோரத்து மென்முடியை ஒரு துணிப்பட்டியால் ஒதுக்கிவிட்டு, திடமான முடி தொடங்கும் இடத்திலிருந்து பின்னினாள். ஒரு வரி முடியும்போதெல்லாம் "புருவத்தைத் தூக்கிப் பாரும், வாயைத் திறந்து பாரும்" என்று ஹம்சாவிடம் சொல்வாள். எங்காவது சுரீரென்றால் அவிழ்த்து மறுபடி பின்னுவாள். சயந்தினி அக்கா மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒத்திகைக்குப் பிந்தித்தான் போனார்கள். எங்களை வாழ்த்திவிட்டுப் போனார் என்று சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் முகத்துக்கு மேக்கப் போடுவது என் பொறுப்பு. மிருணாளினி வந்து நெற்றிச்சுட்டியையும் ராக்கொடியையும் வலையில் தைத்துவிட்டு, பின்வரிசையில் போய் இருந்தாள். முதல் பாதி நன்றாகவே நடந்தது. இடைவேளைக்கு ஹம்சா உடுப்பு மாற்ற உள்ளே வந்தபோது எனக்குத் திக்கென்றது. அவளுடைய புருவம் நான் விட்ட இடத்தில் இல்லை! நான் எடுத்த புருவம், அது எங்கே நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டும் மேலே ஏறி, கண் இழுபட்டு, மை கரைந்துகொண்டிருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். நெற்றியோரத்தில் இருந்த அந்தப் பூனைமயிரையெல்லாம் சேர்த்துப் பிடித்து, கறுப்பு நூலால் கட்டி, பின்னால் சடையின் அடியோடு இழுத்து முடிந்திருந்தது. மிருணாளினி வெளியே போன பிறகு சயந்தினி அக்கா செய்த காவல் ஏற்பாடு. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். முதலில் ஓடிப்போய் மிருணாளினியைக் கூட்டிவந்தேன்.

அவள் நூலைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதேங்கோ!" சயந்தினி அக்கா குறுக்கே வந்து நின்றார். "இனித்தான் தில்லானா. சுத்தேக்கை சடை விழுந்திடும். இன்னொருக்கா அந்தச் சிரிப்பை என்னாலை தாங்க ஏலாது. உங்களுக்கென்ன, ஆடுறது என்ரை பிள்ளை!"

"விழாது அக்கா. விழுந்தால் நானே மேடைக்கு வந்து பொறுக்கிறன். எல்லாரும் என்னை வீடியோ எடுக்கட்டும். ஆனால் இந்த முடி இண்டைக்குப் போனால் திரும்பி வராது."

மிருணாளினி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தாய் விலகவில்லை. அப்போதுதான் ஹம்சா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அம்மா, ப்ளீஸ் மூவ். வெட்டுங்கோ அன்ரி."

நூல் அறுந்தது. புருவம் இறங்கித் தன் இடத்துக்கு வந்தது. நான் மையைத் துடைத்து மறுபடி எழுதினேன்.

தில்லானா தொடங்கியதும் நாங்கள் இருவரும் மேடையின் பக்கவாட்டில் நின்றோம். அங்கிருந்து முன்வரிசையில் சயந்தினி அக்கா தெரிந்தார். மகளின் முகத்தையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை, அவர் கண் சடையோடு மட்டும் போய்ப்போய் வந்தது. ஹம்சா சுழன்றாள், குதித்தாள், நிலத்தில் இருந்து எழும்பினாள். சடை இடுப்பைச் சுற்றி வந்து அடித்து, மறுபக்கம் போய், திரும்பித் தன் இடத்தில் நின்றது. ஒரு பூக்கூட உதிரவில்லை. கடைசித் தீர்மான அடவு முடிந்ததும் சபை எழுந்து கைதட்டியது. நான் வெட்கமில்லாமல் விசிலடித்தேன்.

உடுப்பு மாற்றும் அறைக்குச் சயந்தினி அக்கா மாலையோடு வந்தார். நன்றி சொல்லப்போகிறார், கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்ளலாம் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவர் எங்களைக் கவனிக்கவேயில்லை. நூல் இழுத்துச் சிவந்திருந்த மகளின் நெற்றியோரத்தைப் பார்த்தார்.

"தலை நோகுதோ?"

"இல்லை அம்மா. நூல் வெட்டின பிறகு நோகேல்லை. ஃபர்ஸ்ட் டைம், நோகாமல் ஆடினனான்."

சயந்தினி அக்காவின் கை மாலையோடு அப்படியே நின்றது.

"அப்ப... இவ்வளவு காலமும்?"

"நோகும்," என்றாள் ஹம்சா சாதாரணமாக, சலங்கையைக் கழற்றியபடி. "டான்ஸ் எண்டால் நோகத்தானே வேணும் எண்டு நினைச்சன். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

வெளியே படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், குருவும் விருந்தினர்களும் மேடையில் காத்திருக்கிறார்கள் என்று. சயந்தினி அக்கா மாலையைக் கதிரையில் வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார்.