குடை மாட்டிய கூண்டு

பேத்திக்குப் பால் பவுடர் டப்பா வாங்கி வந்தார்கள். உள்மூடியை நெம்பித் திறக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. மூடி எகிறியதும் முதலில் வந்தது பால் வாசனை இல்லை. தகரமும் எண்ணெயும் கலந்த ஒரு கசப்பு வாசனை. "என்ன மாமா, கெட்டுப்போச்சா?" என்றாள் மருமகள். கெட்டுப்போகவில்லை. நான்தான் அந்த ஒரு நொடியில் இருபத்தோரு வயதுக்குப் போய், திருவொற்றியூரில் ஒரு டப்பாக் கம்பெனியின் டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வேலைக்குப் போவேன். வேலை தற்காலிகம்தான். ஆனால் எனக்கென்று ஒரு மேஜை, அதில் பூட்டு வைத்த ஒரு டிராயர். உள்ளே ஒரு சீப்பு மட்டும் இருக்கும். அதைத் தினமும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அந்தச் சாவியின் கனத்தில் நடையே மாறிப்போயிருந்தது என்று அம்மா சொல்வாள்.

காலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் என் ஜன்னலில் வரிசையாக வந்து வருகைக்கு டோக்கன் போடுவார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் ரஞ்சிதம் மட்டும் சும்மா போக மாட்டாள். முப்பது வயதிருக்கும். கடலோரத்துக் குப்பத்தில் வீடு, இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் இல்லை. "இன்னா சார், தலையில எண்ண ஜாஸ்தியா கீது. ரெஜிஸ்டர்ல சொட்டப் போவுது" என்பாள். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் அதிகாரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த நாள் எண்ணெயைக் குறைத்துக்கொள்வேன்.

ரஞ்சிதத்துக்கு மூடி வெட்டும் பிரஸ்ஸில் வேலை. தகரத் தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை மாட்டிக்கொள்ளாமலிருக்க முன்னால் ஒரு கம்பிக் கூண்டு உண்டு. கூண்டு இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது மேஸ்திரி நாலு பிரஸ்ஸிலும் கூண்டைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றியதை வைக்க இடமில்லாமல் என் அறை வாசலில் சாத்தினார்கள். அது ஐப்பசி மழைக்காலம். ஈரக் குடையை மாட்ட எனக்கு வசதியாகப் போயிற்று.

விபத்து நடந்தபோது யாரும் அலறியதாக நினைவில்லை. நாலு பிரஸ்களின் சத்தத்தில் ஒன்று நின்றுபோனதுதான் கேட்டது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு பெண்கள் ரஞ்சிதத்தை நடத்திக் கூட்டி வந்தார்கள். வலது கையில் மெஷின் துடைக்கும் கழிவுப் பஞ்சைச் சுற்றியிருந்தார்கள். பஞ்சு சிவந்து கனத்திருந்தது. என் ஜன்னலருகில் நின்றாள்.

"சார், ஒம்பது மணி வரிக்கும் வேல செஞ்சேன். ஆப்சென்ட் போட்றாத."

மூன்று விரல்கள் போய்விட்டன என்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது.

மாலையில் மேனேஜர் விபத்து ரெஜிஸ்டரைத் தானே எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். "உனக்குத்தான் கையெழுத்து அழகா இருக்கு தம்பி, எழுது" என்று சொல்லி, இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். உத்தரவை மீறி, பாதுகாப்புக் கூண்டைத் தொழிலாளி தானே கழற்றிவிட்டு வேலை செய்ததால் விபத்து என்று. நான் வாசலைப் பார்த்தேன். சாத்தியிருந்த கூண்டிலிருந்து என் குடை சொட்டிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். "அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

மறுநாள் காலையில் நாலு கூண்டுகளும் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டன.

அந்த வரியின் விலை என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. சொன்னவர் தொழிற்சங்கச் செயலாளர் தனபால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரஞ்சிதத்தை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தந்தாக வேண்டும், அது சட்டம் என்றார். ஆனால் பாதுகாப்புக்கு வைத்ததைத் தொழிலாளியே வேண்டுமென்று எடுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காதாம். "எல்லாம் அந்த ரெஜிஸ்டர்லதான் நிக்குது சார்" என்றார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை.

ரஞ்சிதம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ பார்த்தத சொன்னா போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். உள்ளறையில் அப்பா இருமினார். அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் கம்பெனியில் மேனேஜரின் அன்பு தாங்க முடியவில்லை. நஷ்டஈட்டு விசாரணை முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். ஜன்னலில் டோக்கன் போடும் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் அவள் வீட்டில் எரியாது. எங்காவது ஓடிப்போகலாமென்று ஒரு நாள் ராயபுரம் ஸ்டேஷன் வரைக்கும் போய், டிக்கெட் ஜன்னலில் எந்த ஊர் என்று கேட்டபோது பதில் தெரியாமல் திரும்பி வந்தேன்.

தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் சாட்சி சொல்ல மேனேஜர் என்னைத் தன் காரிலேயே கூட்டிப் போனார். வாழ்க்கையில் முதல் தடவை கார். மடியில் ரெஜிஸ்டர்.

கையெழுத்து என்னுடையதுதானா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து தனபால் எழுந்தார். கூண்டை யார் கழற்றியது என்று கேட்பார், "நான் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"மழைக்குக் குடை எடுத்துட்டுப் போவீங்களா?" என்றார்.

"போவேன்."

"ஆபீஸ்ல எங்க மாட்டுவீங்க?"

"வாசல்ல சாத்தியிருந்த கூண்டுல."

"எத்தனை நாளா?"

"விபத்துக்கு முன்னால ஒரு மாசமா."

சொல்லி முடித்த பிறகுதான் கமிஷனரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. ரஞ்சிதத்துக்கு நஷ்டஈடு தரச் சொல்லி உத்தரவானது. எனக்குத் தற்காலிகம் முடிந்ததாக ஒரு கடிதம் வந்தது. விசாரணையன்று திரும்பி வர டிராம் பிடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழெட்டு மாதம் அலைந்து ஹார்பரில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அங்கே போகும் வழியில் ஒரு நாள் ரஞ்சிதம் எதிரே வந்தாள். வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பதாகவும் இடது கையால் மாவு ஊற்றப் பழகிவிட்டதாகவும் சொன்னாள். "உன்னாலதான் சார்" என்றாள்.

எனக்குக் கூசியது. "தைரியமெல்லாம் இல்லம்மா. வாய் தவறி வந்துடுச்சு."

"தெரியும் சார்" என்றாள் சாதாரணமாக. "யாரு கழட்னதுன்னு கேட்டா நீ பயந்துபூடுவ. அதான் கொடைய பத்தி கேளுன்னு நான்தான் தனபால் அண்ணனாண்ட சொல்லி வச்சேன். ஒரு நாள் கடைக்கு வா."

வருகிறேன் என்றேன். போகவில்லை. போனால் அந்த வரியை எழுதியது நான்தான் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். நான் சொல்ல வேண்டும் அல்லவா. அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திருவொற்றியூர் போனபோது கடற்கரைப் பக்கம் நடந்தேன். டப்பாக் கம்பெனி இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவள் குப்பத்துக்குப் போகும் சந்து எதுவென்று கண்டுபிடித்து உள்ளே நுழைந்தேன். பத்தடியில் சந்து முடிந்து கருங்கல் குவியல், அதற்கப்பால் அலை. வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் குப்பத்துத் தெரு எங்கே என்று கேட்டேன். "அந்தத் தெருவா? கடலு எத்துகினு போயி ரொம்ப வருசமாச்சு" என்றார், கையை நிறுத்தாமல். கல்லின் மேல் ஏறி, தெரு இருந்திருக்கக்கூடிய இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று தேடிக்கொண்டு ஆள் வந்துவிட்டது.