கரண்டு வந்ததும் திறக்கிற கதவு

கரண்டு போய் வந்த ராத்திரியில் வாசல் பக்கம் "டக்" என்று சத்தம் கேட்டால் நீங்கள் பூனை என்று திரும்பிப் படுப்பீர்கள், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் "எந்தக் கால்?" என்று எழும்பி உட்காருவோம்.

சிப்பைச் சுற்றிக் கால் காலாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதைச் சொல்கிறேன். ஆபீசில் 'பின்' என்போம். இங்கே கால் என்றே இருக்கட்டும். ஒரு கால் விளக்கை எரிக்கும், ஒரு கால் விசிறியைச் சுற்றும், ஒரு கால் பூட்டைத் திறக்கும். இவற்றை வேலை வாங்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவருக்கு எது எந்தக் கால் என்று தெரியாது. "பூட்டுக்கான காலைக் கொடு" என்று பெயர் சொல்லிக் கேட்கும். போர்டுக்குப் போர்டு மாறுகிற அந்த விவரத்தை அட்டவணையாக எழுதிவைத்து, கேட்டவரைக் கேட்ட காலில் கொண்டு சேர்ப்பது என் பிழைப்பு. ஆபீஸ் திருவனந்தபுரத்தில், வீடு மார்த்தாண்டத்தில், கணவர் கத்தாரில், கைக்குழந்தை தொட்டிலில். அவள் உறங்கின நேரத்தில் எழுதுகிறேன். இதே பிழைப்பில் கிடக்கிறவர்களுக்கு என் வெப்ராளமும் வயிற்றெரிச்சலும் புரியும்.

ஆஜர்

குழித்துறையில் ஒருவர் ரப்பர் ஷீட் உலர்த்துகிற அறைக்கு எங்கள் போர்டை வாங்கினார். சூடு ஏறியது, விசிறி மட்டும் சுற்றவில்லை. பிழை என்று எதுவும் திரையில் வரவும் இல்லை. கான்வென்டில் சிஸ்டர் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி ஆஜர் எடுப்பார். வீட்டில் 'பேபி' என்றே கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே கதைதான். டிரைவர் 'ஃபேன்' என்று கேட்டது. எங்கள் அட்டவணையில் அந்தக் காலுக்கு 'புளோயர்' என்று பெயர். அப்படி ஒரு கால் இல்லை போலும் என்று டிரைவர் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

பெயரை மாற்றினேன். விசிறி சுற்றியது. நாறிப்போன ஷீட்டுகளுக்கு நடுவே நின்றபடி அவர் சொன்னார்: "ஒரு பேரை மாத்தவா மக்களே நாங்க இத்தன நாளு மூக்கப் பொத்திட்டு நின்னோம்?"

லைட்டா, பெல்லா?

மண்டைக்காட்டில் ஒரு லாட்ஜ். வராந்தா விளக்குக்கும் ரூம் பெல்லுக்கும் யாரோ ஒரே காலை எழுதிவிட்டார்கள். முதலில் கேட்கிற டிரைவருக்குக் கால் கிடைக்கும். அடுத்ததற்கு 'ஆள் இருக்கு' என்று பதில் வரும். யார் முந்துவார்கள் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். சில நாள் விளக்கு எரியும், பெல் அடிக்காது. சில நாள் இருட்டில் பெல் மட்டும் அடிக்கும்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரூமெல்லாம் நிறைந்த சமயம். லாட்ஜ்காரர் ஃபோனில் கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னைக்கு லைட்டா பெல்லான்னு காலையிலேயே சொல்லிருங்க மேடம், அதுக்குத் தக்கன நான் ஆளு போட்டுக்கிடுவேன்."

எங்கள் வாசல்

அதே லாட்ஜ்காரர் எல்லா ரூமுக்கும் ஃபோனில் திறக்கிற பூட்டு கேட்டார். அனுப்புவதற்கு முன் யாராவது வீட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். போர்டு வடிவமைக்கிற ஜெனிஷ் என்னைக் கைகாட்டினான். ஆசாரி வந்து பழைய தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, அந்த இடத்தில் இதை மாட்டிவிட்டுப் போனார்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டு எத்தனை தடவை போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். போகும்போது ஒன்றுமில்லை, நகர்த்தக் கரண்டு இல்லாததால் பூட்டு இருந்தபடி நிற்கும். வரும்போது "டக்". பூட்டு திறந்துகொள்ளும். ஃபோனில் இருக்கிற ஆப் முழித்துக் கண்ணைக் கசக்கி வந்த பிறகு இன்னொரு "டக்", மூடிக்கொள்ளும். நடுவில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். நான் மாவு கிரைண்டரைக் கதவோடு தள்ளி வைத்து, ஒரு கையில் ஜெபமாலையும் ஒரு கையில் தொட்டில் கயிறுமாக இருந்தேன். ஜெனிஷைக் கூப்பிட்டேன். "கொஞ்ச நேரந்தானேக்கா தொறந்து கெடக்கு, அது கள்ளனுக்குத் தெரியவா போகுது?"

சரியான தப்பு

தேடிக் கண்டுபிடித்தேன். இந்தப் போர்டில் ஜெனிஷ் பூட்டை இயக்குகிற ரிலேயை மாற்றியிருந்தான். கால் அணைந்தால் பூட்டு திறக்கும், எரிந்தால் மூடும். 'இது தலைகீழ்க் கால்' என்று அட்டவணையில் ஒரு குறிப்பு வேண்டும், இல்லை. அதனால் கரண்டு வந்ததும் டிரைவர் நல்ல பிள்ளையாக, திறக்கக் கூடாது என்று நினைத்துக் காலை அணைக்கும். கதவு திறக்கும்.

குறிப்பைச் சேர்த்தேன். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். சத்தமே இல்லை. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஃபோனில் 'பூட்டு' என்று அமுக்கினேன். கதவு திறந்தது. 'திற' என்றேன். பூட்டிக்கொண்டது.

ஆப் எழுதுகிற ஷீபா என் கூடப் படித்தவள். பூட்டு தலைகீழாக வேலை செய்வதை அவள் முன்னமே பார்த்து, யாரிடமும் மூச்சு விடாமல், ஆப்பில் தானே தலைகீழாக எழுதிச் சமாளித்திருக்கிறாள். ரெண்டு தப்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. நான் ஒன்றை உருவிவிட்டேன். முன்பு கொஞ்ச நேரம் திறந்து கிடந்த கதவு, இப்போது 'பூட்டு' என்கிறபோதெல்லாம் திறக்கிறது. அவள் என்னிடம் கத்தினாள்: "நான் சரியாத்தானே ஏட்டி தப்பா எழுதி வச்சிருந்தேன், நீ எதுக்குப் போயி திருத்தின?"

கடைசிச் சோதனை

மறுநாள் ஷீபா தன் பங்கைத் திருத்தினாள். பிளக்கைப் பிடுங்கியும் சொருகியும் எனக்குக் கை ஓய்ந்தது. பூட்டு அசையவில்லை. 'பூட்டு' என்றால் பூட்டியது, 'திற' என்றால் திறந்தது. லாட்ஜுக்கு அனுப்பலாம் என்று நானே எழுதிக்கொடுத்தேன்.

எழுதிக்கொடுத்த கையோடு ஆசாரியைக் கூப்பிட்டேன். பழைய தாழ்ப்பாளைப் பூட்டுக்கு மேலே மாட்டிவிட்டு அவர் கேட்டார்: "கழத்துனதும் நான், மாட்டுனதும் நான். நாளைக்கும் வரணுமான்னு இப்பவே சொல்லிரு பிள்ளே."

வீடியோவில் கணவரிடம் கதவைக் காட்டினேன். மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "ஊருக்கெல்லாம் விக்கப் போற பூட்டு, ஒனக்கே நம்பிக்கை இல்லியா?"

நம்பிக்கையெல்லாம் நிறைய உண்டு. ஆனாலும் பெயர் கேட்டுத் தேடாமல், யார் யாரைத் திருத்தினாலும் தலைகீழாகாமல், தள்ளின பக்கம் போய் நிற்கிற சாதனம் இந்த வீட்டில் இது ஒன்றுதான் என்பதால், பிள்ளை முழிக்காதபடி பைய எழும்பிப் போய்த் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டேன்.