வாசலை அடைத்த கூட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பேருந்துக்காக நின்றிருந்தபோது கோமதி மேடத்தின் கணவர் அழைத்தார். "மேடம் போயிட்டாங்க சேகர், மாரடைப்பு" என்றார். பேருந்து வந்தது, போனது. முதலில் என் நினைவுக்கு வந்தது மேடத்தின் முகமல்ல. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு மதியம் எனக்கு ஏற்பட்ட பயம்தான்.

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் மேடத்தோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: திருமுக்கூடலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அதிகம் பேசாதவர். ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இணையதளம் செய்து, லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடவிட்டிருந்தார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிகளில் அவசரம் என்றால் பலரும் அதைத்தான் பார்த்தார்கள். பேருந்து நிலையத்துக்கு அருகே நான் அப்போது பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர்கள். ரத்தம் தேடி வருபவர்களுக்கு அந்தத் தளத்தைத் திறந்துகாட்டியே மேடத்தோடு பழக்கம்.

முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கை செல்விக்கு அன்று காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் முதல் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும், கைவசம் இல்லை, சீக்கிரம் ஏற்பாடு செய்யுங்கள் என்றார் டாக்டர். நான் சென்டருக்கு ஓடினேன். உட்கார்ந்திருந்தவர்களை அனுப்பிவிட்டு மேடத்தின் தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. மறுபடி அழுத்தினேன். வெள்ளைத் திரை. ஆறிலும் அப்படித்தான்.

லேபுக்குப் போன் செய்து கத்தினேன். மேடம் பதிலுக்குக் கத்தவில்லை. காலையிலிருந்தே இப்படித்தான் இருப்பதாகச் சொன்னார்.

"லிஸ்ட் பத்திரமா இருக்குது சேகர். வாசல்லதான் கூட்டம். வர்றவங்க யாரும் ரத்தம் கேட்டு வரலை. கேள்வி கேக்குறாங்க, பதிலை வாங்கிக்காம திரும்ப வந்து அதையே கேக்குறாங்க. அதுக்குப் பதில் சொல்லிக்கினே கம்ப்யூட்டர் திணறுது. நிஜமா கேக்க வந்த நீங்க பின்னாடி நின்னுக்கினு இருக்கீங்க."

இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன். ஆட்கள் இல்லை என்றார். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்களை எங்கிருந்தோ ஒருவன் ஏவிவிட்டிருக்கிறான். அவற்றை வைத்திருப்பவர்களுக்கே அது தெரியாது. பிறகு சட்டென்று, என் கடையில் இப்போது யாராவது நெட் பார்க்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

"ஒயரெல்லாம் சேர்ற பெட்டியில விளக்கு எப்படி இருக்குது?"

திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத கடையில் ஆறு பச்சை விளக்குகளும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. என் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐ.பி. எண்ணைத் திரையில் பார்த்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"உங்க நம்பரும் இங்க நிக்குது சேகர். ஒயரைப் பிடுங்குங்க."

பிடுங்கினேன். என் தங்கைக்கு ரத்தம் கிடைக்காமல் வாசலை அடைத்து நின்ற கூட்டத்தில் என் கம்ப்யூட்டர்களும் இருந்திருக்கின்றன. நான் பிடுங்கியும் அவர் பக்கம் நெரிசல் குறையவில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர், தன் கம்ப்யூட்டரையே இணையத்திலிருந்து துண்டித்துவிடுவதாகச் சொன்னார். தளம் மொத்தமாக நின்றுவிடும், அந்தக் கூட்டமும் உள்ளே வர முடியாது. ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவரால் பட்டியலைப் படிக்க முடியும். ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் மூன்று பேர் எடுக்கவில்லையாம். நான்காவது ஆள் ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சவாரிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு நேராக வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் வந்தார். அதுவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற நேரம் எவ்வளவு என்று இன்றும் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் டாக்டரின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். செல்வி பிழைத்தாள்.

தாக்கியது யார், எதற்காக என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மதியம் தானும் பயந்துபோனதாகப் பின்னால் ஒருநாள் மேடம் சொன்னார். தளத்தை மூடிவிடச் சொன்னவர்கள் உண்டு. அவர் மூடவில்லை. பட்டியலின் ஒரு பிரதியை ஆஸ்பத்திரியில் பொறுப்பான நர்ஸிடம் கொடுத்துவைத்தார். பிறகு ஊரிலிருந்த பிரௌசிங் சென்டர் ஒவ்வொன்றுக்கும் போய்க் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்துகொடுத்தார். ஒரு கடைக்காரர், "என் மெஷின் யார் மேலயும் கல்லு எறியலைம்மா" என்று உள்ளே விடவே மறுத்தார். மேடம் மறுநாளும் அங்கே போனார். அதற்கு மறுநாளும் போனார்.

என் கடைக்குத்தான் முதலில் வந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். அவர் தலையைத் தூக்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியாம நடந்துச்சுன்னு சொல்லாதீங்க சேகர். பாக்காம விட்டோம்னு சொல்லுங்க. அப்பதான் நாளைக்குப் பாப்பீங்க."

கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. வேறு வேலை, வேறு ஊர். 'பாக்காம விட்டோம்' என்று அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் என்னோடு இருக்கிறது. அந்த மதியம் எனக்கு ஏற்பட்ட பயமும். இரண்டையும் நான் விடப்போவதில்லை.